பான் ஒன்று, கடை இரண்டு: இரட்டை வரிசைகளைக் களைந்த அனுபவம்

மஞ்சக்குப்பத்தில் ஓர் எலக்ட்ரிக்கல் சாமான் மொத்த வியாபாரி. கடலூரில் ஒரு குடோன், புதுச்சேரியில் ஒரு குடோன். இரண்டிலும் வேறு வேறு பில்லிங் சாஃப்ட்வேர். இரண்டு வாடிக்கையாளர் பட்டியலையும் ராத்திரியில் ஒரே டேட்டாபேஸில் சேர்க்கும் ஜாப், அதாவது தானாக ஓடும் நிரல், எழுதும் வேலை எனக்கு வந்தது. சேர்த்துப் பார்த்தால் ஒரே கடை இரண்டு, மூன்று வரிசைகளில் நிற்கிறது. பாக்கியும் அதற்கேற்பச் சிதறிக் கிடக்கிறது. வசூலுக்குப் போகிற பையன் கையில் பாதிப் பாக்கிதான் இருக்கும்.

இரட்டை வரிசையை நீக்கும் 'டிஸ்டிங்ட்' கட்டளையைப் போட்டால் போச்சு என்பார்கள். எல்லா நெடுவரிசையும் அச்சாக ஒத்திருந்தால்தான் அது உதவும். லோடு ஆன நேரம் ஒரு நொடி மாறினாலே அதற்கு இரண்டும் வேறு.

பெயரையும் ஊரையும் நம்ப முடியாது. திருப்பாதிரிப்புலியூர், திருப்பாப்புலியூர், டி.பி.புலியூர் எல்லாம் ஒரே இடம். இதாவது கண்ணுக்குத் தெரிகிறது. திரையில் ஒன்றுபோலவே இருந்த 'பொன்னி' இரண்டு பொருந்த மறுத்ததுதான் வேடிக்கை. நீளத்தை எண்ணிப் பார்த்ததும் பிடிபட்டது. ஒரு பக்கம் 'பொ'வின் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியீடு. மறுபக்கம் இரண்டும் தனித்தனி. யூனிகோடில் இரண்டுமே செல்லும். எல்லாப் பெயரையும், பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினேன். அப்புறம் ஓரத்து இடைவெளிகளை வெட்டும் ட்ரிம், அதற்குச் சிக்காத நான்-பிரேக்கிங் ஸ்பேஸ் என்ற வேறு வகை இடைவெளியைத் தனியாக நீக்கினேன். செல் நம்பரில் கடைசி 10 இலக்கம் மட்டும்.

ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, அடுத்த 10 பான் எண். தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடை வைத்திருப்பவருக்குப் பான் ஒன்று, ஜிஎஸ்டி எண் இரண்டு. பானை வைத்துச் சேர்த்துவிடலாமா என்று கணக்கர் அண்ணனிடம் கேட்டேன்.

"வேணாம் தம்பி. கடலூர்ல இருந்து 34க்காரருக்குப் போற பில்லுக்கு வெளிமாநில வரி, ஐஜிஎஸ்டி. ஒண்ணாக்கிட்டா அங்க உள்மாநில வரி, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி வந்து நிக்கும்."

சரி, முழு ஜிஎஸ்டி எண்தான் கடையை அடையாளம் காட்டும் சாவி என்று முடிவானது. அது இல்லாதவர்களுக்குச் செல் நம்பரும் திருத்திய பெயரும்.

மீதி வழக்கமான வேலை. குழு பிரிக்கும் 'பார்ட்டிஷன் பை'யில் சாவியைக் கொடுத்து, கடைசியாகத் திருத்தியது முதலில் வருமாறு அடுக்கி, ஒவ்வொரு குழுவிலும் 1, 2 என்று எண்ணும் 'ரோ நம்பர்' போட்டேன். 1 தங்கும். மற்றதை உடனே அழிக்கக் கூடாது. பழைய பில்கள் எல்லாம் அந்த ஐடிகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். எந்த ஐடி எதில் சேர்ந்தது என்று ஓர் அட்டவணை வைத்து, பில்களை மாற்றிய பிறகே அழித்தேன்.

இத்தனைக்கும் பிறகு ரிப்போர்ட்டில் மறுபடி இரட்டை. இந்த முறை மூலத் தரவில் பழுதில்லை. ஊர்ப்பெயர் அட்டவணையில் ஒரே பின்கோட்டுக்கு ஊர்ப்பெயர் இரண்டு எழுத்துக்கூட்டில் இருந்தது. பின்கோடை வைத்து இரண்டு அட்டவணையையும் இணைத்ததும், அதாவது ஜாயின் செய்ததும், அந்த ஊர்க் கடை ஒவ்வொன்றும் இரண்டாகிவிட்டது. ஜாயினுக்கு முன்னும் பின்னும் வரிசைகளை எண்ணிப் பார்க்கும் ஒரு படியை ஜாபிலேயே வைத்துவிட்டேன்.

இப்போது ஒரே சாவி இரண்டு முறை வராமல் தடுக்கும் யூனிக் இண்டெக்ஸ் சாவியின் மேல் இருக்கிறது. எப்போதும் புது வரிசை சேர்க்கும் இன்சர்ட்டுக்குப் பதில், இருந்தால் திருத்தி இல்லாவிட்டால் சேர்க்கும் மெர்ஜ். நடுவில் கரண்ட் போய் ஜாப் மறுபடி ஓடினாலும் கூடுதல் வரிசை விழாது. ஜிஎஸ்டி எண் இல்லாத சின்னக் கடைகளில் சந்தேகமானவை தனி அட்டவணைக்குப் போகின்றன. கணக்கர் அண்ணன் பார்த்து டிக் அடித்தால்தான் அவை சேரும்.