கையெழுத்துப் போடுவதற்கு முன்

வேலைக்குக் கிளம்பும் பிள்ளையிடம் "பார்த்து நடந்துக்கோ" என்று சொல்லாத அப்பா கிடையாது. எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறவர்கள்தான் குறைவு. வேலையிலும் குடும்பத்திலும் பிற்பாடு வந்து கழுத்தைப் பிடிக்கிற சங்கதிகள் பலவும், எங்கோ ஒரு தாளில் படிக்காமல் போட்ட கையெழுத்தில்தான் தொடங்குகின்றன. அதனால் உபதேசத்தை ஓரமாக வைத்துவிட்டு, எந்தத் தாளில் எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன். தம்பி என்று கூப்பிட்டாலும் பாப்பாவுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் ஆஃபர் லெட்டர். சிடிசி 6 லட்சம் என்றதும் 12ஆல் வகுத்து "மாசம் 50,000" என்று வீட்டில் சொல்லிவிடாதே, தம்பி. சிடிசி என்பது உன்னை வைத்துக்கொள்ள கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, மாதம் 25,000 என்று வைத்துக்கொள். கம்பெனி கட்டும் பிஎஃப் அதில் 12 சதவீதம், ஆண்டுக்கு 36,000. கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, 4.81 சதவீதம், 14,430. வேலையைப் பொறுத்துக் கூடிக் குறையும் வேரியபிள் பே என்று சிடிசியில் 10 சதவீதம் ஒதுக்கியிருந்தால் 60,000. அது வந்தால் வரவு. இவை போக மீதி 4,89,570, மாதத்துக்கு ஏறக்குறைய 40,800. அதில் உன் பங்கு பிஎஃப் 3,000 பிடித்தால் 37,800. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில் வரி பிடிப்பார்கள், சென்னையில் இந்தச் சம்பளத்துக்கு 1,250. புதிய வரி முறையில் வருமான வரி வராது, அந்த மட்டும் நிம்மதி.

50,000 வரும் என்று நம்பி பைக்குக்கு இஎம்ஐயும் ரூமுக்கு அட்வான்ஸும் பேசியவன் இரண்டாம் மாதமே கிரெடிட் கார்டில் கை வைப்பான். கார்டு பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று போட்டிருக்கும். அதை மட்டும் கட்டினால் மீதிக்கு மாதம் 3, 3.5 சதவீதம் வட்டி ஓடும். ஆண்டுக்கு 40 சதவீதம் பக்கம். அதோடு, பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. கந்துவட்டிக்காரரைத் திட்டுகிறவர்கள் இதைத் திட்டுவதில்லை.

இரண்டு ஆஃபரை ஒப்பிடும்போது சிடிசியை விட்டுவிடு. எச்ஆரிடம் "மாசம் அக்கவுண்ட்ல எவ்வளவு விழும் மேடம்?" என்று கேள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய நோட்டீஸ் பீரியட் 30 நாளா 90 நாளா என்பதையும் பார்; மூன்று மாதம் காத்திருக்க அடுத்த கம்பெனிக்குப் பொறுமை இருக்காது.

ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டிகிரி சர்டிபிகேட்டையும் எந்த ஆபீசிலும் விட்டுவிட்டு வராதே. காட்டலாம், ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாம், அன்றே கையோடு வாங்கிவிட வேண்டும். பாண்டு கேட்டால் எத்தனை மாதம், நடுவில் விட்டால் எவ்வளவு என்று படி. ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவுப்படி அதில் எழுதியிருக்கும் தொகை உச்சவரம்பு. அதற்குள் நியாயமான நஷ்டஈடு எவ்வளவோ அதைத்தான் கோர்ட் தரச் சொல்லும். ஆனால் பாண்டோடு தொகை எழுதாத செக்கும் கேட்டால் அந்த வேலையே வேண்டாம். கையெழுத்துப் போட்ட வெற்று செக்கை வாங்கியவர் நிரப்பிக்கொள்ள சட்டமே இடம் கொடுக்கிறது. "தொகையை நான் எழுதவில்லை" என்று சொல்லி மட்டும் தப்ப முடியாது. பணம் இல்லாமல் திரும்பி, நோட்டீஸ் வந்த பிறகும் கட்டாவிட்டால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவு வழக்கு: 2 ஆண்டு வரை சிறை, செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி வெறுமையாக வாங்கி வைத்துக்கொள்ளும் புரோ நோட்டுக்கும் இதே எச்சரிக்கைதான்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய தலைவலி, இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'கார்த்திக் எஸ்'. ஆதாரில் 'எஸ் கார்த்திக்'. பான் கார்டு விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள் என்பதால் அங்கே 'கார்த்திக் செல்வராஜ்'. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. போதாததற்கு, கார்த்திக்கின் கடைசியில் ஆங்கிலத்தில் கே மட்டுமா, சியும் கேயுமா என்பதில் ஒவ்வொரு அலுவலகமும் ஒரு கட்சி. தெருவுக்கு இவன் ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு நாலு பேர். பிஎஃப் கணக்கில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு பொருந்தாவிட்டால் கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு நிற்காது. இது பணம் எடுக்க மனுப் போடுகிற அன்றுதான் தெரியவரும். அதற்குள் பழைய கம்பெனியில் உன்னைத் தெரிந்த எச்ஆர் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆகவே சேர்வதற்கு முன்பே எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பி, ஒவ்வொரு எழுத்தாகப் படி. எந்த வடிவம் வேண்டும் என்று முதலில் முடிவு செய். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதை ஒட்டிப் போவதுதான் சுலபம், ஏனென்றால் அதை மாற்றுவதுதான் கஷ்டம். பிறகு ஆதார், அது முடிந்ததும் பான், அதற்கும் பிறகு வங்கி, கடைசியில்தான் வேலையில் சேரும் படிவம். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு: வங்கியும் பிஎஃப்பும் ஆதாரைப் பார்த்துத்தான் உன்னை ஒப்புக்கொள்ளும். ஆதாரில் பெயரை ஆயுளில் 2 முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறை. 'எஸ்'ஸை முன்னும் பின்னும் நகர்த்தியே இரண்டு வாய்ப்பையும் தீர்த்துவிடாதே.

பாப்பா, உனக்கு ஒன்று. கல்யாணமானதும் இனிஷியலை மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாற்ற விருப்பம் என்றால் ஆதார், பான், வங்கி, பிஎஃப், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் மாற்று. ஒன்றை மாற்றி நாலை விடுவதுதான் வம்பு. மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் திருமணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள், தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம்.

பிஎஃப் பற்றி இன்னும் கொஞ்சம். யுஏஎன் என்ற பிஎஃப் உறுப்பினர் எண் ஒருவருக்கு ஒன்றே. இரண்டாவது கம்பெனியில் 'இதற்கு முன் பிஎஃப் இருந்ததா' என்ற கேள்விக்கு அவசரத்தில் 'இல்லை' என்று போட்டால் இன்னொரு எண் முளைத்து, சர்வீஸ் இரண்டாக உடையக்கூடும். பென்ஷனுக்கு 10 ஆண்டு சர்வீஸ் வேண்டும் என்பதால் அந்த உடைசல் பிற்காலத்தில் வலிக்கும். பாஸ்புக்கில் உன் பங்கு 3,000, கம்பெனி பங்கு 1,750 என்று பார்த்து "ஏமாத்திட்டான்" என்று கொதிக்காதே. மீதி 1,250 பென்ஷன் கணக்குக்குப் போகிறது: 15,000 வரையிலான சம்பளத்துக்கு 8.33 சதவீதம்.

வேலை பார்க்கும்போது ஒரு பழக்கம் போதும். மேனேஜர் வாயால் சொன்ன முக்கியமான விஷயத்தை அன்று மாலையே இரண்டு வரி மெயிலாக அவருக்கே அனுப்பிவிடு: "இன்று பேசியபடி இதை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருகிறேன்." அவரைச் சந்தேகப்படுவதாக ஆகாது, நல்ல மேனேஜர் அதை விரும்பவே செய்வார். அப்ரைசல் சமயத்தில் 'என்ன செய்தேன்' என்று தலையைச் சொறியாமல் அந்த மெயில்களையே புரட்டலாம். பே ஸ்லிப்பை மாதாமாதம் உன் சொந்த மெயிலில் சேர்த்து வை, கடைசி வேலை நாள் மாலையே ஆபீஸ் லாகின் மூடிவிடும். ராஜினாமாவை அடுத்த கம்பெனியின் லெட்டர் கையில் வந்த பிறகு எழுது. போனில் "கன்ஃபார்ம்தான் பிரதர்" என்றதை நம்பி எழுதாதே. கிளம்பும்போது ரிலீவிங் லெட்டர், பாக்கிக் கணக்கு, பிஎஃப்பில் வெளியேறிய தேதி மூன்றும் முடிந்ததா என்று பார். சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்றிதழ், ஃபார்ம் 16 மட்டும் அடுத்த ஜூன் 15 வாக்கில் வரும்.

இனி வீடு. வேலைக்குப் போன ஆறு மாதத்தில் ஏதோ ஒரு மாமாவோ சித்தப்பாவோ லோனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்பார். "சும்மா ஒரு பார்மாலிட்டிதான் மாப்ள" என்பார். பார்மாலிட்டி இல்லை. ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவுப்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு என்ன பொறுப்போ அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும். அவரிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் உன்னிடம் வர வேண்டும் என்பதில்லை, வங்கி நேரே உன்னிடமே வரலாம். அவர் தவணை தவறினால் உன் சிபில் மதிப்பெண்ணும் விழும், நாளைக்கு உன் வீட்டுக் கடன் நிற்கும். மறுக்கும் விதம் முக்கியம். "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று இழுத்தால் அவர் நம்பிக் காத்திருப்பார், பிறகு மறுத்தால் பகை. அன்றே சொல்லிவிடு: "நான் யாருக்குமே ஜாமீன் போடறதில்ல மாமா. என்னால 10,000 முடியும், அதைத் திருப்பித் தர வேண்டாம்." எந்தத் தொகை திரும்பி வராவிட்டாலும் உனக்குத் தூக்கம் கெடாதோ அந்தத் தொகையைச் சொல்.

அம்மா அப்பா மருத்துவக் காப்பீட்டில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கம்பெனியின் குரூப் பாலிசியில் பெற்றோரைச் சேர்க்க முடிந்தால் சேர்த்துவிடு. அதில் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்கும் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே செலவு கிடைக்கும். ஆனால் நீ வேலையை விட்டால் அதுவும் போயிற்று. அப்போது புதிதாகத் தனி பாலிசி எடுத்தால் பழைய நோய்களுக்கு 3 ஆண்டு வரை காத்திருக்கச் சொல்வார்கள். அதனால் கம்பெனி பாலிசி இருக்கும்போதே சிறிய தொகைக்காவது தனியாக ஒன்று எடுத்து, அந்தக் காத்திருப்பை ஓடவிட்டு வை. படிவத்தில் அப்பாவின் சர்க்கரையை மறைக்காதே. ஏஜென்ட் "அதெல்லாம் எழுத வேண்டாம் சார்" என்பார், கிளெய்ம் மறுக்கும்போது அவர் போனை எடுக்க மாட்டார். பெரியவர்கள் பாலிசியில் கோ-பே எத்தனை சதவீதம் என்று பார். 20 என்றிருந்தால் 3 லட்சம் பில்லில் 60,000 உன் பையிலிருந்து.

அடுத்து நாமினி. பிஎஃப்பில் குடும்பம் என்று யாரும் இல்லாத நிலையில் போட்ட நாமினேஷன், குடும்பம் ஆனதும் செல்லாமல் போகும், ஆகவே கல்யாணமானதும் புதிதாகப் போடு. இணையத்தில் விவரங்களை நிரப்பி சேவ் செய்தால் மட்டும் போதாது, ஆதார் ஓடிபி போட்டு ஈ-சைன் முடிக்க வேண்டும். பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். பணியில் இருக்கும்போதே ஒருவர் இறந்தால் பிஎஃப் உறுப்பினர் என்ற முறையில் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை காப்பீடு உண்டு. வீட்டில் யாருக்கும் தெரியாததால் கேட்கப்படாமலே கிடக்கும் பணம் இது. உன் மனைவிக்கோ கணவருக்கோ இந்த ஒரு வரியையாவது சொல்லி வை.

வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர், சொந்தக்காரர் அல்ல. வாரிசு யார் என்பதில் பல அப்பாக்களுக்கே தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த மகனின் சொத்துக்கு முதல் வகுப்பு வாரிசுகள் அவன் தாய், மனைவி, பிள்ளைகள். தகப்பன் அந்த வரிசையில் இல்லை, இரண்டாம் வகுப்பில்தான் வருகிறான். மகன் பெயரில் மனை வாங்கிப் போட்டு, தானும் அதில் பாதிக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் அப்பாக்கள் கவனிக்க. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் விதிகள் வேறு.

கடைசியாக, அண்ணன் தங்கை இருவருக்கும் சேர்த்து, சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குப் பங்கு தமிழ்நாட்டில் 1989 சட்டத் திருத்தத்திலேயே வந்துவிட்டது (அதற்கு முன்பே கல்யாணமான பெண்களை மட்டும் அது விட்டுவிட்டது). 2005இல் மத்தியச் சட்டமும் மாறியது. அந்தப் பங்கு பிறப்பால் வருவது, 2005இல் அப்பா உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. "உனக்குத்தான் 50 பவுன் போட்டாச்சே" என்பது சட்டத்தில் கணக்கே இல்லை. தம்பி, தங்கச்சியிடம் கையெழுத்து வேண்டுமென்றால் எந்தச் சொத்து, இன்றைய விலை என்ன, அதற்குப் பதில் என்ன தருகிறாய் என்று முதலில் உட்கார்ந்து பேசு. பாப்பா, விட்டுக்கொடுப்பது உன் இஷ்டம், ஆனால் தெரிந்து விட்டுக்கொடு. சார்பதிவாளர் ஆபீசில் டோக்கன் நேரம் வந்து "சீக்கிரம் போடும்மா" என்று பின்னால் நாலு பேர் நிற்கும்போது எதையும் படிக்க முடியாது. பத்திர எழுத்தர் அடித்த வரைவை ஒரு வாரம் முன்பே வாட்ஸ்ஆப்பில் வாங்கிக்கொள். சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை, உனக்குத் தருவதாக எழுதியிருக்கும் தொகை நான்கையும் பார். தொகை 'ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்' என்று இருந்தால் அடித்துவிட்டு, எந்தத் தேதியில் எந்தக் கணக்குக்கு வந்தது என்று எழுதச் சொல். பணம் கணக்கில் ஏறிய மெசேஜ் வந்த பிறகு பேனாவை எடு.