காம்பஸ் போட்ட வட்டம்

கும்மிடிப்பூண்டி தடத்தில் காலையில் இரண்டு திசையிலும் கூட்டம். சென்னைக்கு ஒரு கூட்டம். சிப்காட்டுக்கும் எல்லை தாண்டித் தடா, சூளூர்ப்பேட்டைக்கும் இன்னொரு கூட்டம். இந்தப் பக்கத்து ஊர்களுக்கு நில உபயோகக் கணக்கெடுப்பு செய்வது என் வேலை. சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்து 2022 அக்டோபரில் அரசாணை வந்தது. மீஞ்சூர், திருமழிசை, செங்கல்பட்டு என்று சுற்றிலும் புதுநகரத் திட்டங்கள். ஊர் கண்டபடி பரவாமல், ரயில் நிலையங்களைச் சுற்றி நெருக்கமாக வளர வேண்டும் என்பது எண்ணம். எனக்கு அதில் முழு நம்பிக்கை உண்டு.

ஒரு நிலையத்தை மையமாக வைத்து 800 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டேன். பத்து நிமிட நடை என்பது கணக்கு. வட்டத்துக்குள் நான்கு மாடி, ஐந்து மாடி வரலாம் என்று வண்ணமும் தீட்டியாயிற்று.

அப்புறம்தான் நேரில் போனேன். மாலை ரயிலில் இறங்கிய ஓர் அக்காவிடம் வீடு எங்கே என்று கேட்டேன். நடைமேடைக்குக் கிழக்கே கையை நீட்டினார். பச்சை பெயின்ட் அடித்த தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. 300 மீட்டர்கூட இருக்காது. "கூட வாங்க தம்பி, நீங்களே பாருங்க" என்றார்.

வெளியே போகும் வழி மேற்கில் மட்டும்தான். கடைத்தெரு வழியாக வடக்கே நடந்து, லெவல் கிராசிங்கில் நின்றோம். கேட் போட்டிருந்தது. சரக்கு ரயில் ஒன்று போனது, கேட் திறக்கவில்லை, எதிரிலிருந்து இன்னொன்று. டிபன் கேரியர் பையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டார். "குறுக்க தாண்டினா அஞ்சு நிமிஷம். எங்க வீட்டுக்காரர் தாண்டித்தான் வர்றாரு. என்னால முடியாது. என் கண்ணு முன்னாடி ஒருத்தர் போயிட்டாரு" என்றார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கடிகாரம் பார்த்தேன். 24 நிமிடம்.

அன்று இரவே வட்டத்தை அழித்துவிட்டு, தெருத்தெருவாக நடந்த தூரத்தை வைத்து எல்லை வரைந்தேன். ஒரு பக்கம் கடித்த தோசை மாதிரி வந்தது. கிழக்குப் பக்கம் கிட்டத்தட்ட முழுவதும் காணாமல் போயிற்று.

மேற்கில் வேறு சிக்கல். 2019 கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு) 2, அதாவது 2,400 சதுர அடியான ஒரு கிரவுண்டு மனையில் 4,800 சதுர அடி கட்டலாம். பணம் கட்டி அதற்கு மேலும் வாங்கலாம். ஆனால் தெரு 9 மீட்டர் இருந்தால் கூடுதலாக 30 சதவீதம், 18 மீட்டர் இருந்தால் 50 சதவீதம் என்று அகலத்தைப் பொறுத்துத்தான். நிலையத்தை ஒட்டிய தெருக்களோ மாட்டுவண்டி போன காலத்தவை. நான்கு மீட்டர்கூடத் தேறாது. அதனால் நிலையத்தடியில் ஓட்டு வீடுகள் அப்படியே நிற்க, ஆறேழு கிலோமீட்டர் தள்ளி வயலில் கல் நட்டு மனை விற்கிறார்கள். வாங்கியவர் பைக் இல்லாமல் பால் வாங்கக்கூட முடியாது. மாடி எண்ணிக்கையை முதலில் பேசுவதே தவறு, இரண்டு தெருவை அகலப்படுத்துவதில்தான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மளிகைக் கடைக்காரர் ஒருவர் எழுந்தார். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ் பேசுகிறவர். "மாடி மேல மாடி கட்டுங்க சார், வேணாங்கல. தண்ணி?" என்றார். மீஞ்சூர்ப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே வந்துவிட்டது இங்கே எல்லோருக்கும் தெரியும். என்னிடம் இருந்தது ஆள் கணக்கு மட்டும். குழாய்த் தண்ணீர் எங்கிருந்து, எவ்வளவு என்ற பக்கத்தை அதற்கப்புறம்தான் எழுதினேன். முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இறுதி அறிக்கையில் ஒரு வரி சேர்த்தேன்: இரு பக்கமும் இறங்கும் நடைமேம்பாலம் கட்டி முடியும்வரை கிழக்குப் பக்கத்துக்குக் கூடுதல் மாடி வேண்டாம். அதை எடுத்துவிடலாமே என்று சீனியர் இரண்டு முறை கேட்டார். 24 நிமிடக் கதையைச் சொன்னேன். வரி இருக்கிறது.