குமிழி வராத காலை

ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியை நறுக்குவதற்கு ஒரு பக்குவம் உண்டு. தண்டைத் தண்ணீருக்குள் வைத்தபடியே, கூரான பிளேடால் சாய்வாக வெட்ட வேண்டும். வெளியே எடுத்து வெட்டினால் வெட்டுவாயில் காற்று ஏறிக்கொள்ளும். பிறகு, ஒளிச்சேர்க்கையில் செடி விடும் ஆக்சிஜன் குமிழி ஒழுங்காக வராது. தில்லிப் பள்ளி ஒன்றின் உயிரியல் ஆய்வகத்தில் 22 ஆண்டுகள் உதவியாளனாக இருந்ததில், பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் இருக்கும் சில வித்தைகளில் அது ஒன்று. மற்றதெல்லாம் கழுவித் துடைக்கும் வேலை.

அந்த வித்தையும் கைவிட்ட ஒரு ஜனவரிக் காலை நினைவிருக்கிறது. மூடுபனி ஜன்னல் கம்பிவரை வந்து நின்றிருந்தது. மேல்தொட்டித் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். அவ்வளவு குளிரில் செடி சோம்பிக் கிடக்கும் என்பது எனக்குப் பழக்கத்தில் தெரியும். அதனால் விடியற்காலையிலேயே வந்து, கெட்டில் கெட்டிலாகத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி பீக்கர்களில் நிரப்பி வைத்தேன். யாரும் சொல்லாமலேயே செய்துவிட்டோம் என்ற மிதப்பு வேறு.

செடியின் மேல் புனலைக் கவிழ்த்து, அதன் காம்பின் மேல் நீர் நிறைந்த சோதனைக் குழாயை நிறுத்தி, 30 செ.மீ. தள்ளி விளக்கை வைத்தாயிற்று. பிள்ளைகள் கடிகாரத்தோடு குனிந்து நின்றார்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ஒரு குமிழி இல்லை. செடி செத்துவிட்டது என்று ஒரு பையன் இந்தியில் சொல்ல, வகுப்பே சிரித்தது.

டீச்சர் கும்பகோணம் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். விளக்கை 15 செ.மீ.க்கு நகர்த்தச் சொன்னார். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு. அப்போதும் ஒன்றுமில்லை.

"அண்ணா, தண்ணீர் எங்கே பிடித்தீர்கள்?"

"தொட்டித் தண்ணீர்தான் டீச்சர். கொதிக்கவைத்து ஆற்றினேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். "சோடியம் பைகார்பனேட் பாட்டிலை எடுங்கள்" என்றார். நம் வீட்டு ஆப்பச் சோடாதான். பீக்கருக்கு ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கிவிட்டார்.

கொதித்த தண்ணீரில் கரைந்திருந்த காற்றெல்லாம் வெளியேறிவிடும். கார்பன் டை ஆக்சைடும் அதோடு போய்விடும். இதமான சூடும் கண் கூசும் வெளிச்சமும் கொடுத்துவிட்டு, செடி சர்க்கரை செய்ய வேண்டிய மூலப்பொருளை நானே துரத்தியிருக்கிறேன். மாவு தீர்ந்த வீட்டில் அடுப்பைத் தூண்டிவிட்ட கதை. சோடா கரைந்ததும் அந்தக் குறை தீர்ந்தது. ஆனாலும் குமிழி உடனே வரவில்லை. கொதித்து ஆறிய தண்ணீர் காற்றுக்கு ஏங்கிக் கிடக்கும்; செடி முதலில் விட்ட ஆக்சிஜனை அதுவே கரைத்துக்கொண்டது. பிறகுதான் வெட்டுவாயில் ஊசிமுனை அளவுக்கு ஒன்று அரும்பி, பருத்து, கழன்று மேலே ஓடியது. அடுத்தது. அடுத்தது. சிரித்த பையனே எண்ண ஆரம்பித்தான்.

1905இல் பிளாக்மன் என்ற ஆங்கிலேயர் சொன்னதும் இதுதான் என்று டீச்சர் கரும்பலகையில் எழுதினார்: ஒளி, கார்பன் டை ஆக்சைடு, வெப்பம் என்று பல சேர்ந்து நடத்தும் வேலையில், எது தேவைக்கு மிகவும் குறைந்து நிற்கிறதோ அதுதான் வேகத்தைப் பிடித்து வைக்கும். மற்றதை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை.

அந்த ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடு உடைந்து வருகிறது என்றுதான் நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். அது தண்ணீர் உடைந்து வருவது; 1941இல் ரூபன், காமென் என்ற விஞ்ஞானிகள் கனமான ஆக்சிஜன் கொண்ட தண்ணீரை வைத்துக் காட்டினார்கள். தண்ணீரை உடைப்பதற்கு ஒளி வேண்டும். கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்குவது அடுத்த கட்டம். அது நொதிகளின் வேலை. குளிரில் நொதிகள் தளர்ந்துவிடும், கடும் சூட்டில் கெட்டுவிடும். நான் தண்ணீரைச் சூடாக்க நினைத்தது தப்பில்லை, கொதிக்கவிட்டதுதான் தப்பு.

குமிழியை எண்ணி வேகத்தைச் சொல்வதில் எனக்கு முழு நம்பிக்கை கிடையாது. ஒன்று கடுகளவு, ஒன்று மிளகளவு. இரண்டையும் ஒன்றென்றே எண்ணுகிறோம். குழாயில் சேர்ந்த வாயுவை அளப்பது மேல். பழைய குண்டு பல்புக் காலத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது. விளக்கு நெருங்க நெருங்கத் தண்ணீரும் சூடேறும். குமிழி கூடினால் அது ஒளியாலா சூட்டாலா என்று தெரியாது. நடுவில் ஒரு கண்ணாடித் தொட்டித் தண்ணீரை வைத்துச் சூட்டைத் தடுப்போம். எல்.இ.டி. வந்தபின் அந்தத் தொட்டியில் டீச்சர் மீன் வளர்த்தார்.

எங்கள் வீட்டு பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டி ஒன்று இருக்கிறது. டிசம்பர் பிறந்தால் இலை பழுத்துக் கொட்டும். மனைவி சாணி உரமும் அரிசி கழுவிய தண்ணீரும் மாற்றி மாற்றிப் போடுவாள். அதற்கு இப்போது குறை வெயிலும் வெதுவெதுப்பும்தான், ஹோலி வரட்டும், தானே துளிர்க்கும் என்று இந்த வருடமும் சொன்னேன்.

"பட்டினி போட்டால் எது துளிர்க்கும்?" என்று கேட்டுவிட்டு இன்னொரு சொம்பு ஊற்றினாள்.