வெயிலுக்குப் பயந்து பூமத்திய ரேகைக்கு

“குளிர் தேடி சிங்கப்பூருக்கா? கொடைக்கானல்னு சொல்லியிருந்தாக்கூட ஒரு நியாயம் இருக்கு” என்று திண்டுக்கல்லிலிருந்து அக்கா போனில் சிரித்தாள். என் மகள் இருக்கிற சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி வடக்கே இருக்கிற ஊர். வெயிலுக்குப் பயந்து அங்கே ஓடுகிறவள் நானாகத்தான் இருப்பேன். ஆனால் துபாயில் முப்பது கோடையைக் கழித்துவிட்டுப் பேசட்டும் அக்கா.

துபாய்க் கோடையை அளக்க வெப்பமானி வேண்டாம், குளியலறைக் குழாய் போதும். ஜூன் பிறந்துவிட்டால் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தாலே கை சுடும். மாடித் தொட்டியில் அவ்வளவு சூடு ஏறிக் கிடக்கும். அதனால் ஹீட்டரை அணைத்துவிடுவோம். ஹீட்டர் தொட்டி வீட்டுக்குள் ஏசியில் இருப்பதால் அதில் நிற்கிற தண்ணீர் மெல்ல ஆறியிருக்கும். ஆக, குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்றால் வெந்நீர்க் குழாயைத் திறக்க வேண்டும். கல்யாணமாகிப் போன புதிதில் இவர் இதைச் சொன்னபோது, என்னைக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை வெட்டவெளியில் வேலை வாங்கக்கூடாது என்று அங்கே சட்டமே உண்டு. எங்களைப் போல வீட்டில் இருப்பவர்களுக்குச் சட்டம் எதற்கு? வீட்டு ஏசி, கார் ஏசி, கடை ஏசி. பஸ் நிறுத்தத்துக்கும் ஏசி. நாலு மாதம் வானம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான்.

அந்த வெயிலால் எனக்கு ஒரே ஒரு லாபம், மோர்மிளகாய். பால்கனியில் காலையில் பரப்பினால் மாலைக்குள் சருகாகிவிடும். மூன்றாம் நாள் டப்பாவில் அள்ளலாம். மகளுக்காக ஒரு கிலோ கட்டிக்கொண்டு ஜூன் முதல் வாரத்தில் விமானம் ஏறினேன். இவருக்கு லீவு கிடையாது. வேலை இருக்கும்வரைதான் எங்களுக்கு அங்கே விசா, ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்.

ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேல் பறந்து சாங்கியில் இறங்கினேன். வெளியே வந்ததும் மகள் என் பையை வாங்கிக்கொண்டே, “ரொம்பப் புழுக்கமா இருக்குல்லம்மா?” என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் கேட்டாள். 32 டிகிரி. நான் கிளம்பும்போது அங்கே 43. சிங்கப்பூரில் இதுவரை பதிவான உச்சமே 37 தானாம். 1983 ஏப்ரலில் தெங்காவில் ஒரு தடவை, 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் ஒரு தடவை. மகள் வீடு அங் மோ கியோவில்தான். அந்த நாளை ஏதோ புயல் வந்துபோன மாதிரி மாப்பிள்ளை விவரித்தார். எங்களுக்கு 37 என்றால் கடற்கரைக்குப் போகிற நாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், சிங்கப்பூர் குளிர்ச்சியான ஊர் இல்லை. முதுகில் வேர்வை ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் காலையில் பத்து மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடக்க முடிகிறது. அடுக்குமாடிக் கட்டடத்தை அங்கே புளோக் என்கிறார்கள். புளோக்கிலிருந்து புளோக்குக்கு, அங்கிருந்து பஸ் நிறுத்தத்துக்குக் கூரை போட்ட நடைபாதை. கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் திறந்து விட்டிருக்கிறார்கள். அங்கே கல் மேசையில் கிழவர்கள் சதுரங்கம் ஆடுகிறார்கள். காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகிறது. முதல் நாள் அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். மகள் போன் போட்டுத் தேடினாள்.

பேத்திக்குப் பள்ளி விடுமுறை நாலு வாரம். தொடக்கநிலை இரண்டு படிக்கிறாள். வீட்டில் ஆங்கிலம்தான், ஆனால் பள்ளியில் தாய்மொழிப் பாடம் தமிழ். அதனால் அவள் பேசுகிற கொஞ்சத் தமிழ் சுத்தமோ சுத்தம். “பஸ் இல்ல அம்மாச்சி, பேருந்து.” மெட்ரோ என்றால் முறைப்பாள். “பெருவிரைவு ரயில்!” இரண்டு நாளில் நானும் திருந்திவிட்டேன்.

அவளைக் கூட்டிக்கொண்டு லிட்டில் இந்தியாவில் இருக்கிற தேக்கா சந்தைக்குப் போனேன், இல்லை, அவள்தான் என்னைக் கூட்டிப் போனாள். கட்டு வாழையிலை, கொழுந்தான கறிவேப்பிலை, ஈரம் சொட்டும் தரையில் மீன் கடைகள். கடைக்காரர் ‘என்னம்மா வேணும்’ என்றதும் பாதி தூரம் ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. துபாயிலும் கராமா பக்கம் போனால் தமிழ் காதில் விழும்தான். ஆனால் இங்கே மீதிச் சில்லறையாகக் கொடுத்த காசில் ‘சிங்கப்பூர்’ என்று தமிழில் அச்சடித்திருக்கிறது. முப்பது வருடம் திர்ஹம் எண்ணின கையில் அந்தக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டேன். பேத்திக்கு இதில் என்ன அதிசயம் என்று புரியவில்லை.

கரையோரப் பூந்தோட்டங்களுக்கும் போனோம். மேகக் காட்டுக் குவிமாடத்துக்குள் அருவி விழுகிறது, குளுகுளுவென்று இருக்கிறது. எனக்குச் சால்வை தேவைப்பட்டது. ஏசிக்குத் தப்பி வந்தவளை மறுபடி ஏசிக்குள்ளேயே விட்டார்கள், போகட்டும்.

இப்போது துணி விவகாரத்துக்கு வருகிறேன். மகள் வீடு பழைய புளோக், ஒன்பதாம் மாடி. சமையலறை ஜன்னலுக்கு வெளியே சுவரில் வரிசையாகக் குழாய்கள் பதித்திருக்கிறார்கள். மூங்கில் கழியில் துணியைக் கோத்து, கிளிப் மாட்டி, கழியின் அடியை அந்தக் குழாயில் செருக வேண்டும். கொடிக்கம்பம் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். “நீ தொடாதேம்மா, கை நழுவிக் கீழே விழுந்தா போலீஸ் வரைக்கும் போயிரும்” என்று மகள் சொல்லித்தான் வைத்திருந்தாள். ஆனால் சும்மா உட்கார முடிகிறதா? அவர்கள் வேலைக்குப் போன பிறகு படுக்கை விரிப்பு இரண்டு, என் புடவை ஒன்று, மூன்றையும் ஒரே கழியில் கோத்து நீட்டிவிட்டேன். துபாயில் அரை மணியில் காய்ந்துவிடும்.

மதியம்வரை ஈரம் போகவில்லை. இரண்டு மணிக்கு வானம் கறுத்து, சடசடவென்று இறங்கியது பாருங்கள்! நனைந்த துணியோடு கழி என்ன கனம்! நான் ஒரு கையால் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறேன், பேத்தி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்துகிறாள். அதற்குள் விரிப்பிலிருந்து ஒழுகிய தண்ணீர் எட்டாம் மாடிக்காரியின் துணிமேல். கதவு தட்டப்பட்டது. வெள்ளை முடி, கத்தரித்த கிராப், என் வயதுதான் இருக்கும். சீனத்தில் என்னவோ சொன்னாள். நான் தமிழில் மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னை விலக்கிவிட்டு நேரே சமையலறைக்குப் போனாள். கழியைத் தோளில் சாய்த்து, லேசாகத் திருகி, ஒரே இழுப்பில் உள்ளே கொண்டுவந்து விட்டாள். அப்புறம் பேத்தியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். “ஒரு கழிக்கு ஒரு விரிப்புதானாம், அம்மாச்சி.”

பரிகாரமாக ஒரு பிடி மோர்மிளகாய் வறுத்துக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் கீழ்த்தளத்தில் என்னைப் பார்த்ததும் கையை விசிறி விசிறி நாக்கு எரிந்ததை நடித்துக் காட்டினாள். இன்னும் இருக்கிறதா என்றும் சைகையிலேயே கேட்டாள். பதிலுக்குக் காப்பிக் கடைக்குக் கூட்டிப் போய் எனக்குக் கோப்பி சொல்லக் கற்றுக்கொடுத்தாள். வெறும் ‘கோப்பி’ என்றால் இனிப்பான கட்டிப்பாலோடு வரும், ‘கோப்பி ஓ’ என்றால் பாலில்லாமல். சர்க்கரைக்காரி எனக்கு ‘கோப்பி சி கோசோங்’, அதாவது இனிப்பில்லாத டின் பால் மட்டும், சர்க்கரை கிடையாது. அந்தப் பெயரை அவள் மூன்று தடவை சொல்ல வைத்தாள்.

ஊர் திரும்ப நாலு நாள் இருந்தபோது, விடியற்காலை ஐந்து மணிக்கு ஜன்னல்கள் அடித்துக்கொண்டன. சுமத்ராக் காற்றாம். மலாக்கா நீரிணைப் பக்கம் ராத்திரி திரளும் இடிமேகங்கள் வரிசையாகக் கடலைத் தாண்டி விடியலில் இங்கே வந்து கொட்டும் என்றார் மாப்பிள்ளை. நான் வெளித் தாழ்வாரத்தில் போய் நின்றேன். சாரலில் புடவை ஒட்டிக்கொண்டது. “அத்தை, சளி பிடிச்சிரும்” என்று அவர் துண்டை எடுத்து வந்தார். எங்கள் பக்கம் 2024 ஏப்ரல் 16 அன்று ஊரையே மூழ்கடித்த மழையைத் தவிர, நான் கண்ட மழையெல்லாம் விரல்விட்டு எண்ணுகிற கணக்கு. ஒரு மணி நேரம் நின்றேன், சளியும் பிடித்தது.

கிளம்புகிற அன்று பேத்திக்குப் பள்ளி திறந்தது. ஏழு மணிக்குத்தான் அங்கே சூரியன் வரும். இருட்டோடு பையை மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டு, கூரைக்கடியில்.

துபாயில் இறங்கினதும் மூக்குக்கண்ணாடி ஆவி பூத்துக் கண் மறைந்தது. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் கடைசி நாள் துவைத்த இரண்டு புடவை இன்னும் நமத்த வாடையோடு. பால்கனிக் கொடியில் போட்டேன். “கோப்பி போடட்டுமா?” என்றேன் இவரிடம். “என்னது?” என்றார். போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவிவிட்டு வருவதற்குள் புடவை அப்பளமாக விறைத்திருந்தது.