கொல்லையில் ஒரு விளையாட்டு இடம்: முதல் செலவு மணலுக்கு

பிள்ளைகள் விளையாட வீட்டுக்கு வெளியே ஓர் இடம் செய்யலாம் என்று தோன்றியதும் எல்லோரும் முதலில் போன் எடுத்துச் சறுக்குமரம் தேடுகிறார்கள். சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பிளாஸ்டிக் செட்டு வரும், அதைச் சிமெண்ட் தரையில் வைப்பார்கள், பிள்ளைகள் கொஞ்ச நாள் ஏறி இறங்குவார்கள், அப்புறம் அதன் மேல் ஈரத்துணி காயும். என்னைக் கேட்டால், கையிலிருக்கும் காசில் பாதிக்கு மேல் தரைக்கும் நிழலுக்கும் போகட்டும் என்பேன். மேலே வைக்கிற சாமான் காயலான் கடையிலிருந்து வந்தால் போதும்.

எங்கள் வீடு திருச்சிக்கு வெளியே. கொல்லையில் ஒன்றரை சென்ட் போலச் சும்மா கிடந்தது. இருபதடி அகலம், முப்பதடிக்குக் கொஞ்சம் மேலே நீளம், ஓரமாக ஒரு நல்ல வேப்பமரம். பார்க்க வந்த கொத்தனார், “அக்கா, பேசாம காங்கிரீட் போட்டு மேல டைல்ஸ் ஒட்டிரலாம், கூட்டிப் பெருக்கச் சுலபம்” என்றார். பெருக்குகிறவருக்குச் சுலபம்தான், மேலிருந்து விழுகிறவனுக்கு?

அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் விளையாட்டு மைதானங்களுக்கென்று ஒரு கையேடு போட்டிருக்கிறது. அதன்படி 9 அங்குல ஆழத்துக்கு மணல் இருந்தால் 4 அடி உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கும். புல்தரை, வெறும் மண்தரை இரண்டையும் அந்தக் கையேடு கணக்கிலேயே சேர்ப்பதில்லை, மிதிபட்டு இறுகிவிடும் என்பதால். மணலும் நாளடைவில் அமுங்கும். ஆக 9 அங்குலம் நிற்க வேண்டுமானால் 12 அங்குலம் கொட்ட வேண்டும். எட்டடிக்கு எட்டடி குழி என்றால் 64 கன அடி, நம்மூர்க் கணக்கில் ஒரு யூனிட்டில், அதாவது 100 கன அடியில், கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. லாரிக்காரரிடம் இதைச் சொன்னால் ஒரு யூனிட்டாகவே எடுத்துக்கச் சொல்வார். எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் காலிலும் டவுசர் பாக்கெட்டிலும் போகிற மணலுக்கு அந்த மிச்சம் சரியாக இருக்கும்.

எம்-சாண்ட் வேண்டாம். கல்லை உடைத்து எடுப்பதால் முனை கூராக இருக்கும், தூளும் அதிகம், நனைந்து காய்ந்தால் கட்டிதட்டிப் போகும். ஆற்று மணல் விற்கிற விலைக்கு எங்கே போவது என்று நானும் மலைத்தேன். தெருக்கோடியில் வீடு கட்டி முடித்தவர்களிடம் மிஞ்சிக் கிடந்ததை விலைக்குக் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். அதை அப்படியே கொட்ட முடியாது, சலிக்க வேண்டும். சாய்த்து வைத்த கம்பி வலைச் சல்லடையில் மண்வெட்டியால் அள்ளி வீச வீச, இந்தப் பக்கம் கூழாங்கல், சென்டரிங் ஆணி, பீடித்துண்டு, கிளிஞ்சல் என்று ஒரு குவியல் சேர்ந்தது. பெரியவன் கிளிஞ்சலை மட்டும் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டான். ஆணிகளை நான் பொறுக்கினேன். குழிக்கு அடியில் உடைந்த செங்கல் ஒரு வரிசை, அதன் மேல் பச்சை நிழல்வலை, அதற்கு மேல்தான் மணல். தண்ணீர் இறங்கிவிடும், மணலோடு மண்ணும் கலக்காது. சுற்றிலும் இரண்டு செங்கல் அகலத்துக்கு உட்கார்கிற மாதிரி திட்டு கட்டி, விளிம்பை மழுங்கப் பூசச் சொன்னேன். ஆம்ஸ்டர்டாமில் ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக் கலைஞர் 1947இல் தொடங்கி நகரம் முழுக்கப் போட்ட விளையாட்டு இடங்களில் இதே மாதிரி அகலமான விளிம்பு வைத்த மணல்குழிதான் முக்கியம். ஒரு சதுக்கத்தில் ஆரம்பித்து எழுநூறுக்கு மேல் செய்திருக்கிறார். விளிம்பில் மண்சோறு கடை போடுவதும் ஓடுவதும் பாட்டி உட்கார்வதும் எல்லாம் நடக்கும்.

பூனைகளுக்கும் மணல்குழி ரொம்பப் பிடிக்கும். பூனை, நாய் கழிந்த மணலில் கொக்கிப்புழு வரும், வெறுங்காலோடு மிதித்தாலே தோலுக்குள் ஏறக்கூடியது அது. சாயங்காலம் விளையாடி முடித்ததும் தார்ப்பாயை இழுத்து மூடிச் செங்கல் வைப்பது எங்கள் வீட்டில் கதவு பூட்டுவது போன்ற வேலை. கை கால் கழுவாமல் உள்ளே வரக்கூடாது என்று குழாயை வாசல்படிப் பக்கமே வைத்தோம்.

அடுத்தது ஊஞ்சல். இடத்தை விழுங்குவது அதுதான், வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. கயிறு கட்டும் உயரத்தைப் போல இரண்டு மடங்கு முன்னாலும் இரண்டு மடங்கு பின்னாலும் காலியாக விட வேண்டும் என்பது அந்தக் கையேட்டின் கணக்கு. எங்கள் வேம்பில் தோதான கிளை ஏழடியில் இருந்தது. முன்னால் 14, பின்னால் 14, ஆகமொத்தம் 28 அடி. கொல்லையின் நீளம் கிட்டத்தட்ட முழுசும் போச்சு. மணல்குழி, மற்றதெல்லாம் அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே வராமல் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டன. ஊஞ்சலுக்குக் கீழேயும் கிடங்கு எடுத்து மணல் நிரப்பினோம். பலகை வேண்டாம், இன்னொரு பிள்ளை குறுக்கே ஓடினால் மண்டையில் அடிக்கும் என்று பழைய ஸ்கூட்டர் டயரைத்தான் கட்டினோம். கிளையில் கயிறு படுகிற இடத்தில் சாக்கைச் சுற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பட்டை அறுந்து கிளை பட்டுப்போகும். உங்கள் வீட்டில் இருப்பது முருங்கை என்றால் இந்த யோசனையே வேண்டாம், அது துணி காயப்போடவே லாயக்கில்லாத மரம்.

டயருக்குப் பஞ்சர் கடைக்குப் போனேன். “பிள்ளைங்களுக்குன்னா கம்பி இல்லாததா பார்த்துத் தர்றேன்க்கா” என்று கடைக்காரர் ஒவ்வொன்றையும் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தார். தேய்ந்த ரேடியல் டயரில் உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி பிய்த்துக்கொண்டு வெளியே நிற்கும், அது பிள்ளை கையைக் கிழிக்கும். பெரிய டயர்களைப் பாதி புதைத்து வரிசையாக நிறுத்தினோம், ஏறித் தாவ. உள்பள்ளம் முழுக்க மண்ணைத் திணித்து இறுக்க வேண்டும். தொங்குகிற டயரின் அடிப்பக்கம் டிரில் போட்டு ஓட்டை விட வேண்டும். டயரில் ஒரு தம்ளர் தண்ணீர் நின்றாலே ஏடிஸ் கொசுவுக்குப் போதும், முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள்தான். டெங்கு சமயத்தில் வீடு வீடாக வருகிற சுகாதாரப் பணியாளர் எங்கள் டயர்களைக் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

பெயின்ட் அடிக்கவில்லை. பிள்ளைகளுக்கு நிறம் வேண்டுமென்று தோன்றினால் புது டப்பா வாங்குங்கள், பரணில் கிடக்கிற பழசை எடுக்காதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்துதான் அமலுக்கு வந்தது.

இவ்வளவும் செய்தபிறகு எதில் அதிகம் விளையாடுகிறார்கள் என்றால், ஒரு மூலையில் நான் பேருக்குப் போட்டுவைத்த குப்பையில்தான். நசுங்கிய அலுமினியச் சட்டி, அகப்பை, தேங்காய்ச் சிரட்டை, பி.வி.சி. பைப் துண்டுகள், மரவாடியில் சும்மா கிடைத்த கட்டைகள். பைப்பை டயர் மேல் சாய்த்துத் தண்ணீர் விடுவது, அது எங்கே போய் விழுகிறதென்று சண்டை போடுவது, நாளைக்கு வேறு மாதிரி வைப்பது. டென்மார்க்கில் சோரன்சன் என்ற நிலத்தோட்ட வடிவமைப்பாளர், தான் பார்த்துப் பார்த்துப் போட்ட மைதானங்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கட்டட வேலை நடக்கும் இடத்தில் மரத்துண்டோடு விளையாடுவதைக் கவனித்திருக்கிறார். அப்படி வந்ததுதான் கோபன்ஹேகன் பக்கம் எம்ட்ரப்பில் 1943இல், ஜெர்மன் படை ஊருக்குள் இருந்த காலத்தில், திறந்த பழைய சாமான் மைதானம். வேலி, பலகை, சுத்தியல், கூட ஒரு பெரியவர், அவ்வளவுதான். இங்கே அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, நுங்கு வண்டி உருட்டிய ஊர் இது.

வேலியோரம் என்ன செடி இருக்கிறது என்று ஒரு தரம் குனிந்து பார்த்துவிடுங்கள். எங்கள் கொல்லையில் அரளியும் எருக்கும் இருந்தன, இரண்டையும் வேரோடு எடுத்தாயிற்று. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரிய தொல்லை. காட்டாமணக்கு அதைவிட மோசம், கொட்டையைப் பருப்பு என்று தின்றுவிட்டு வாந்தியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடும் பிள்ளைகள் பற்றி அடிக்கடி பேப்பரில் வரும். சம்ப் மூடி, கிணற்றுக் கம்பி வலை, பக்கத்து மனையில் மூடாத போர்வெல் குழி எல்லாம் இதே கணக்கில்தான். 2019 தீபாவளி சமயத்தில் மணப்பாறைப் பக்கம் அப்படி ஒரு குழிக்குள் குழந்தை விழுந்து இறந்தது எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது.

என் வீட்டுக்காரருக்கு இன்னும் சறுக்குமரத்து மேல் ஒரு கண். தகரத்தில் வேண்டாம், சித்திரை வெயிலில் தொடை வெந்துவிடும், வைப்பதானால் வேம்பு நிழல் விழும் பக்கம் நாலடி உயரத்துக்குள் வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன், அதற்கும் முன்னால் கீழே இன்னொரு லோடு மணல். இப்போதைக்கு ஊஞ்சல் கயிற்றை மாற்றும் வேலை இருக்கிறது. நைலான் வெயிலில் வெளுத்து, கையால் உருவினால் பொடியாக உதிர ஆரம்பித்துவிட்டது, மழைக்கு முன்னால் கட்டிவிட வேண்டும்.