பையனா, பொண்ணா?

திருநெல்வேலி டவுனில் ஒரு பொம்மைக் கடையில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். கீழே வளையல், பொட்டு, பேன்சி, மாடியில் பொம்மை. மாடிக்கு யார் ஏறி வந்தாலும் என் வாயில் முதலில் வருவது, "பையனா, பொண்ணா?" அடுத்தது, "எவ்வளவுக்குள்ள பாக்கீங்க?" இந்த இரண்டுக்கும் பதில் வந்துவிட்டால் மூன்று நிமிஷத்தில் பில் போட்டுவிடலாம். பையன் என்றால் இடது பக்கம்: ரிமோட் கார், துப்பாக்கி, ஜேசிபி, பேட் பால். பொண்ணு என்றால் வலது பக்கம்: கிச்சன் செட், மேக்கப் செட், தலை சீவிவிடுகிற பொம்மை. கிஃப்ட் பேப்பரும் அப்படித்தான். கார் படம் போட்ட நீலம், பட்டாம்பூச்சி போட்ட ரோஸ்.

முதலாளி அண்ணாச்சி இதை ஏதோ கொள்கை வைத்துச் செய்யவில்லை. தீபாவளி வாரத்தில் படிக்கட்டு வரைக்கும் ஆள் நிற்கும். ஆனித் தேரோட்டம் வந்தால் கேட்கவே வேண்டாம். அந்த நேரத்தில் ஆளைப் பாதிப் பாதியாகப் பிரித்து அனுப்ப இதைவிடச் சுலபமான வழி கிடையாது. நாங்களும் காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறவர்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021இல் சட்டம் வந்த பிறகுதான் மாடிக்கு ஒரு ஸ்டூல் வந்தது. சீக்கிரம் விற்றால் சீக்கிரம் கால் ஆறும், அவ்வளவுதான்.

அதே 2021 ஜனவரியிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மையை விற்கக் கூடாது என்றும் ஆனது. சரக்கு வந்தால் ஒவ்வொரு பெட்டியையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பது என் வேலை. முத்திரை இருக்கும், வயசு இருக்கும், சின்னச் சின்னப் பாகங்கள் உண்டு, மூன்று வயசுக்குக் கீழே கொடுக்காதீர்கள் என்று இருக்கும். நான் பிரித்த பெட்டிகளில் பையனுக்கு, பொண்ணுக்கு என்று எழுத்தில் பார்த்த ஞாபகமே இல்லை. நிறமும் படமும் பாதியைச் சொல்லிவிடும். மீதியைச் சொல்லத்தான் நான் நிற்கிறேனே.

இடுப்பிலிருந்து இறக்கிவிட்ட இரண்டு வயசுப் பிள்ளை எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லவே முடியாது. வெளிச்சம் வருகிற இடத்துக்கு ஓடும், சத்தம் வருகிற இடத்துக்கு ஓடும். நாலு, நாலரை ஆனதும் கதை மாறிவிடும். ரோஸ் கலர் பந்தை எடுத்துக் கொடுத்தால், "இது பொம்பளப்பிள்ளை கலரு" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்ட பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அம்மாக்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன், வலது ரேக்கில் சாய்ந்துகொண்டு.

1918இல் அமெரிக்காவில் குழந்தைத் துணி வியாபாரிகளுக்கான ஒரு பத்திரிகை, ரோஸ் அழுத்தமான நிறம், அது பையன்களுக்கு; நீலம் மென்மையானது, அது பெண்களுக்கு என்று எழுதியதாம். இதைப் பின்னாளில் படித்தபோது எனக்கு அம்பாசமுத்திரம் மரச்சொப்பு ஞாபகம் வந்தது. நான் சின்னப்பிள்ளையில் வைத்திருந்தது சிவப்பும் மஞ்சளும் பச்சையும். ரோஸ் கிடையாது. ஆனால் உள்ளே இருந்தது அம்மி, ஆட்டுக்கல், உரல், திருகை. நிறம் வருவதற்கு முன்பே வேலை வந்துவிட்டது.

ஒரு நாள் நாலு வயசுப் பையன் ஒருவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாம்பிளுக்கு வைத்திருந்த கிச்சன் செட்டைப் பிரித்துவிட்டான். பிளாஸ்டிக் தோசைக்கல்லில் பிளாஸ்டிக் ஆம்லேட்டைப் போட்டு, கரண்டியால் ஓரத்தை நாலு பக்கமும் நெம்பி, ஒரே திருப்பு. அப்புறம் அதைத் தட்டில் வைத்து, "சூடா இருக்கு, ஊதித் தின்னு" என்று ஆச்சியிடம் நீட்டினான். அவனுடைய அப்பா வந்து தட்டை வாங்கி ரேக்கில் வைத்தார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் இளக்காரம்தான். இந்தக் காலத்திலும் இப்படியா என்று. "பையனுங்களும் இதை வச்சு விளையாடுவாங்க அண்ணாச்சி" என்றேன்.

"தெரியும்மா. நான் கல்யாணச் சமையல்காரன்" என்றார். முழங்கை வரை எண்ணெய் தெறித்த தழும்பு. "நாங்க அடுப்பில வெந்தது போதும். இவனும் கரண்டி பிடிக்கணுமாக்கும்?"

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டு அடுப்புக்குப் பெண், கல்யாண அடுப்புக்கும் பரோட்டாக் கல்லுக்கும் ஆண் என்று ஊர் பிரித்து வைத்திருப்பது தெரிந்ததுதான். ஆனால் அவர் பயந்தது பையன் பெண்ணைப் போல ஆகிவிடுவான் என்று இல்லை, தன்னைப் போல ஆகிவிடுவான் என்று. டாக்டர் செட் வாங்கிக்கொண்டு போனார். கடையில் இடமா வலமா என்ற சண்டை இல்லாத ஒரே பொருள் அதுதான், நடுவில் தொங்கும். பையன் ஆம்லேட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே படியிறங்கினான்.

2024இல் கேரளாவில் மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் அப்பா சமையலறையில் தேங்காய் துருவுகிற படம் வந்ததைப் பார்த்தபோது அந்த மனிதரைத்தான் நினைத்தேன். எங்கள் கிச்சன் செட்டுகளில் துருவியே கிடையாது, எல்லாம் ஓவனும் பீட்சாவும். அதே வருஷம் கலிபோர்னியாவில், 500 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் பெரிய கடைகள் ஆண் பெண் பிரிக்காத பொம்மைப் பகுதி ஒன்று வைக்க வேண்டும் என்ற சட்டம் நடப்புக்கு வந்தது. எங்கள் கடையில் மொத்தம் 14 பேர்.

அந்தச் சமயத்தில்தான் கேள்வியை மாற்றிப் பார்த்தேன். "பிள்ளைக்கு என்ன விளையாடப் பிடிக்கும்?" பெற்றவர்கள் சொல்லிவிடுவார்கள். மாமா, சித்தி, அப்பாவோடு ஆபீஸில் வேலை பார்க்கிறவர் எல்லாரும் முழிப்பார்கள். பிறந்தநாளுக்குப் போகிற பாதிப் பேருக்கு அந்தப் பிள்ளையைப் பற்றித் தெரிந்த ஒரே விஷயம் அது பையனா பொண்ணா என்பதுதான். நான் இத்தனை நாள் கேட்டது அவர்களுக்குத் தெரிந்த கேள்வியை!

ஒரு தாய்மாமன் மட்டும் போனைப் போட்டு நேரடியாகப் பிள்ளையிடமே கேட்டார். "தண்ணி மோட்டார்" என்று பதில் வந்தது. ரொம்பத் தேடி, பேட்டரியில் தண்ணீர் பீய்ச்சுகிற ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். சுற்றும்போது மாட்டிக்கொண்டேன். இருப்பது நீலமும் ரோஸும். கேட்க மனசு வரவில்லை. போன தீபாவளிக்கு மிச்சமான மத்தாப்புப் பேப்பரில் சுற்றினேன். கீழே இருந்து அண்ணாச்சி, "ஏம்மா, பொம்மை விக்கியா, ஜாதகம் பாக்கியா? சட்டுனு பில்லைப் போடு" என்றார். சீசன் வந்ததும் நானும் பழைய கேள்விக்கே போய்விட்டேன்.

இதில் என் மகளையும் சொல்ல வேண்டும். பெட்டி கிழிந்த கிச்சன் செட் பாதி விலைக்குக் கிடைத்தது என்று அவளுக்கு எடுத்துப் போனேன். எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்ட ஜேசிபி வந்த வாரம் அது. காலையில் வாசல்படியில் உட்கார்ந்தால் சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டாள். கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, வாயால் உறுமிக்கொண்டு, செம்பருத்தித் தொட்டியை வேரோடு தோண்டிவிட்டாள். இடது ரேக்கில் ஏழு ஜேசிபி நின்றன. தினமும் தூசி தட்டியது நான்தான். ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று தோன்றவே இல்லை.

பொம்மையும் மேக்கப் செட்டும்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிப் போகும் பெண் பிள்ளைகளும் உண்டு, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. போன மாதம் எதிர்வீட்டில் பிறந்தநாள் என்று பழைய கடைக்கே போனேன். மாடியில் புதுசாக ஒரு பெண். "பையனாக்கா, பொண்ணாக்கா?" என்றாள். என்ன பிடிக்கும் என்று சொல்லலாம் என வாயைத் திறந்தேன். தினமும் எதிரே பார்க்கிற பிள்ளைதான். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"பொண்ணு" என்றேன். அவள் வலது பக்கம் திரும்பினாள். நானும் பின்னாலேயே போனேன்.