ஆடியில் வைத்த நிலை

"நீங்கள் சொன்னால் சரி, தம்பி."

அந்த அக்கா சொன்னது அவ்வளவுதான். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. சொல்லிவிட்டுக் கொட்டிலுக்குள் போய் எனக்குத் தேநீர் வைத்தார். 2013 ஆம் ஆண்டு ஆடி மாதம் அது. வன்னியில் வீடு கட்டிக் கொடுக்கும் அமைப்பு ஒன்றில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ காணிகளில் அத்திவாரம் வெட்டும்போது நின்றிருக்கிறேன். எத்தனையோ பேர் என்னோடு சண்டை பிடித்திருக்கிறார்கள், பிரதேச செயலகத்துக்கு முறைப்பாடு எழுதியவர்களும் உண்டு. அதெல்லாம் மறந்துபோனது. சண்டை பிடிக்காத இந்தச் சொல்தான் இன்னும் நிற்கிறது.

நடந்தது பெரிய விஷயமாகத் தெரியாது. வெளிநாட்டுத் தேவாலயம் ஒன்றிலிருந்து 14 பேர் வந்து அந்த அக்காவுக்கு வீடு கட்டிக் கொடுப்பதாக ஏற்பாடு. வருவது யூலை 27, போவது ஆகஸ்ட் 9. அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை அப்போதுதான். அத்திவாரத்தை மேசனை வைத்து நாங்கள் முன்கூட்டியே முடித்துவைப்போம், சுவர் எழுப்புவது அவர்கள், கூரை அவர்கள் போன பிறகு. இடையில் நிலை வைக்க வேண்டும். வாசல் நிலை நின்றால்தான் அதைப் பிடித்துச் சுவர் எழும்பும்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. "ஆவணி பிறக்கட்டும் தம்பி, அதுக்குப் பிறகு நிலையை வைப்பம். ஆடியிலை வேண்டாம்."

ஆவணி பிறப்பது ஆகஸ்ட் 17. வந்தவர்கள் போய் எட்டு நாள் கழித்து.

அவர் கடைசி நேரத்தில் வந்து குழப்பவில்லை. வைகாசியிலேயே கோயில் ஐயரிடம் நாள் கேட்டுவைத்திருந்தார். அத்திவாரமும் அப்போது தயார். நிலைதான் வரவில்லை. முதிரை மரம், ஏற்றிவர அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டியவன் நான். வேறொரு இடத்தில் கூரை வேலை நெருக்கிக்கொண்டிருந்ததால் இரண்டு கிழமை பிந்திக் கொடுத்தேன். மரம் வந்து, தச்சர் செய்து முடிக்கும்போது ஆடி பிறந்து மூன்று நாள். நான் பிந்தாமல் இருந்திருந்தாலும் வைகாசிக்குள் வந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த நினைப்பு எனக்குப் பலமுறை ஆறுதல் தந்திருக்கிறது. ஆனால் விண்ணப்பத்தில் இருக்கிற திகதி என் கையெழுத்தில் இருக்கிறது.

மேசன் ஒரு வழி சொன்னார். "வாசலுக்கு இடம் விட்டு எழுப்புவம் சேர். ஆவணியிலை நிலையை உள்ளுக்கு விட்டு இறுக்கலாம்."

நான் வேண்டாம் என்றேன். நிலையின் பக்கத்தில் அடிக்கிற இரும்புப் பிடிகள் கல்வரிகளுக்கு நடுவே சாந்தோடு சேர்ந்து இறுக வேண்டும், பின்னால் வைத்தால் சுவரைக் கொத்த வேண்டிவரும், நாளைக்குக் கதவு ஆடும் என்று விளக்கம் சொன்னேன். சொன்னது பொய்யில்லை. ஆனால் அடுத்த வருடங்களில் நான் இந்திய அரசின் காசில் நடந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் வேலை செய்தபோது, இடம் விட்டுக் கட்டிப் பிறகு நிலை வைத்த வீடுகளைக் கண்ணால் பார்த்தேன். அவை இப்போதும் அசையாமல் நிற்கின்றன.

உண்மையான காரணம் வேறு. வருகிறவர்களுக்கான நிகழ்ச்சி நிரலை எழுதியவன் நான். இரண்டாம் நாள் காலை, வீட்டுக்காரரோடு சேர்ந்து வாசல் நிலை வைத்தல் என்று அதில் போட்டிருந்தேன். அவர்களுக்கு அது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அவர்கள் ஊரில் அந்தத் தாளை வாசித்து, அதைச் சொல்லித்தான் காசு சேர்த்திருந்தார்கள். அந்தக் காசுதான் சீமெந்து, கம்பி, ஓடு எல்லாம். அதை மாற்ற எனக்குப் பயமாக இருந்தது. பயம் என்று இப்போது எழுதுகிறேன், அன்று அதற்குப் பொறுப்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

அந்த அக்காவிடம் நான் சொன்னவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் ஒன்பதாம் திகதி போய்விடுவார்கள் என்றேன். மாரிக்கு முன் கூரை ஏறாவிட்டால் இன்னொரு வருடம் தறப்பாளுக்குக் கீழே இருக்க வேண்டும் என்றேன். பட்டியலில் அடுத்த குடும்பம் காத்திருக்கிறது என்றேன். முதல் இரண்டும் அப்படியே உண்மை. மூன்றாவதும் உண்மைதான், ஆனால் அதை அந்த இடத்தில் சொன்னது எதற்காக? அவருக்குத் தகவல் தெரிவிக்க அல்ல. அதைக் கேட்ட பிறகுதான் அவர் சரி என்றார்.

இடையில் ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அவை வேதக்காரர். நாங்கள் நாள் பார்க்கிறது எண்டால் ஏதும் நினைப்பினமோ?" இல்லை அக்கா, ஒன்றும் நினைக்க மாட்டார்கள் என்றேன். அப்படியென்றால் அவர்களிடமே கேட்டிருக்கலாமே என்று இப்போது யாரும் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நான் கேட்கவேயில்லை. அவர்களுக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு மொழியும் தெரிந்த ஒரே ஆள் நான். கேள்வி என்னோடு நின்றுவிட்டது.

நிலை வைத்த காலையை நான் மறக்கவில்லை. குழுத்தலைவர் அறுபது கடந்தவர், ஓய்வுபெற்ற தச்சர். முதிரை மரத்தைத் தடவித் தடவிப் பார்த்தார், எங்கள் தச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு என்னிடம், நிலை வைக்கும்போது உங்கள் வழக்கம் ஏதாவது இருக்கிறதா, நாங்கள் அறியாமல் அதை விட்டுவிடக்கூடாது என்றார். அவராகவே கேட்டார். நான் மஞ்சள் துணியில் நவதானியம் முடிவதையும், அடியில் காசு வைப்பதையும், மாவிலை கட்டுவதையும் சொன்னேன். அவர் தன் ஊர் நாணயம் ஒன்றை எடுத்து, தானும் வைக்கலாமா என்று கேட்டுவிட்டு வைத்தார். கண் கலங்கியிருந்தது. மாதத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அந்த மனிதரிடம் சொல்லியிருந்தால் நிகழ்ச்சி நிரலைக் கிழித்துப் போட்டிருப்பார் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். அந்த நம்பிக்கைதான் என்னைக் கூடுதலாக அரிக்கிறது.

இந்தக் கதையைக் கூட வேலை செய்தவர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஆடி மாதம், மூடநம்பிக்கை, வீடு முக்கியமா நாள் முக்கியமா என்று பேசி முடித்துவிடுவார்கள். நானும் தலையாட்டுவேன். அவர்களிடம் சொல்லும்போது நான் விட்டுவிடுகிற ஒரு வரி இருக்கிறது. முதன்முதலில் ஆவணி வரை பொறுக்கச் சொல்லிக் கேட்ட அன்று அந்த அக்கா இதையும் சொன்னார்: "இவர் வந்தால் ஏறுற வாசல், தம்பி."

அவருடைய கணவரை 2009 மே மாதத்துக்குப் பிறகு காணவில்லை. பொட்டு வைத்துக்கொண்டுதான் இருந்தார். அந்த வருடம் ஆகஸ்ட் 6 ஆடி அமாவாசை. தகப்பனை இழந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் விரதம் பிடித்தார்கள், சிலர் கடலாடப் போனார்கள். இந்த வீட்டில் மூத்த மகள் சாந்து குழைக்கத் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள். விரதம் பிடித்தால் அப்பா இல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும், அதனால் அவர்கள் பிடிப்பதில்லை. குழுவில் வந்த ஒரு பெண்பிள்ளை அவளோடு சேர்ந்து வாளி தூக்கினாள், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். ஊர் முழுக்க அமாவாசையில் இருக்கும்போது அந்த வளவில் மட்டும் சுவர் எழுந்துகொண்டிருந்தது. எனக்கு அன்று அது நல்லதாகப் பட்டது. இன்றைக்கும் முழுக்கத் தவறு என்று சொல்ல மனம் வரவில்லை.

இந்திய வீட்டுத்திட்டத்துக்குப் போன பிறகு நான் மாறினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அங்கே ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, வேலை முன்னேற முன்னேறக் கட்டம் கட்டமாக வங்கிக் கணக்குக்கு வந்தது. வீடு 550 சதுர அடிக்குக் குறையக்கூடாது என்றிருந்தது. மேசனைப் பிடிப்பது, கல் அரிவிப்பது, நாள் பார்ப்பது எல்லாம் வீட்டுக்காரர். ஐயர் குறித்த நாளுக்காக இரண்டு கிழமை காத்திருந்திருக்கிறேன். எரிச்சலும் பட்டிருக்கிறேன், ஆனால் காத்திருந்தேன், ஏனென்றால் அங்கே முடிவு என் கையில் இல்லை. ஆகவே திருந்தியது நானா, திட்டத்தின் ஒழுங்கா என்று எனக்குத் தெரியவில்லை.

அதே திட்டத்தில்தான் காசு காணாமல் தாலிக்கொடியை அடகு வைத்தவர்களையும், கிழமைக்கடன் எடுத்து மாட்டிக்கொண்டவர்களையும் பார்த்தேன். கூரைக்கு மரம் வாங்க வழியில்லாமல் சுவர் மட்டும் மழையில் நனைந்து நின்ற வளவுகள் இருந்தன. எங்கள் அக்கா ஒரு சதம் கடன்படவில்லை. ஐப்பசி மழைக்கு முன் ஓட்டுக்குக் கீழே போய்விட்டார். வந்த 14 பேரில் நான்கு பேரின் விமானச் சீட்டுக் காசுக்கே இன்னொரு வீடு கட்டலாம் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்ததும் உண்டு. ஆனால் அவர்கள் வராமல் இருந்திருந்தாலும் அந்தச் சீட்டுக் காசு வன்னிக்கு வந்திருக்காது, வேறு எங்கோ செலவாகியிருக்கும். நாள் பார்க்கும் உரிமை ஒரு தட்டில், கடன் இல்லாத கூரை மறு தட்டில். எந்தத் தட்டுத் தாழ்கிறது என்று ஒவ்வொரு முறையும் வேறு வேறு விடை வருகிறது. அந்த அக்காவின் மனதில் என்ன விடை இருக்கும் என்பதும் எனக்குத் தெரியாது. கேட்டால் அவர், நீங்கள் சொன்னால் சரி என்றுதான் சொல்வார். பயனாளி என்று ஒருவரை எழுதிவிட்டால் அவருடைய சரியை நாங்கள் எப்படி வாசிப்பது? பட்டியலும் பேனாவும் என் கையில் இருக்கும்போது அவர் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

போன பங்குனியில் அந்தப் பக்கம் போக வேண்டிவந்தது. பரந்தன் முல்லைத்தீவு வீதியில் இறங்கி உள்ளே நடந்தேன். முன்வாசல் திறந்துதான் இருந்தது. நிலையில் புதுக் குங்குமம். நான் அந்த வாசலால்தான் உள்ளே போனேன். கணவரைப் பற்றிய செய்தி எதுவும் இன்னும் இல்லை. சுவரில் படம் இருந்தது, மாலை போடவில்லை.

பின்பக்கம் புதிதாக ஒரு அறைக்கு அத்திவாரம் போட்டிருந்தார்கள். மூத்த மகளுக்காம், அவள் உழைத்த காசு. தேநீர் தந்துவிட்டு அக்கா கேட்டார்:

"தம்பி, முதிரையிலை ஒரு நிலை இப்ப என்ன விலை போகும்?"

தெரிந்த தச்சரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எப்போதைக்கு வேண்டும் என்று கேட்டேன்.

"வைகாசியிலை நாள் இருக்கு. அதுக்குள்ளை சரிவராட்டி ஆவணிக்கு வைப்பன்."